ஸ்வீப் யாரென்று கேளுங்கள்: ஐந்து வார இறுதி பைக் பயணங்களுக்குப் பிறகு

குழுவாக பைக் ஓட்டுவதில் எனக்கு நம்பிக்கை இருந்ததே இல்லை. பத்து பேர் சேர்ந்தால் அதில் இரண்டு பேராவது சைலன்சர் சத்தத்தை மற்றவர்களுக்குக் கேட்கவைக்க வந்தவர்களாக இருப்பார்கள் என்பது என் கணக்கு. தொழிலும் கணக்கு எழுதுவதுதான். வயது 46, இடது முழங்கால் கொஞ்சம் மக்கர். வண்டி 350 சிசி, ஒற்றை சிலிண்டர். அதற்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது, அதனால்தான் எனக்கும் அதற்கும் ஒத்துப்போகிறது. அப்படிப்பட்டவள் மூன்று மாதத்துக்குள் ஒரே குழுவோடு ஐந்து முறை போய் வந்திருக்கிறேன், ஐந்து முறையும் கட்டணம் கட்டி. குறைகளும் சொல்லப்போவதால் குழுவின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி சேவையைத் தேடுகிறவர்களுக்கு, பெயரைவிட எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்பதுதான் உபயோகப்படும்.

சேவை இதுதான்: சனி அல்லது ஞாயிறு, ஒரு நாள், 160 முதல் 220 கிலோமீட்டர். நெடுஞ்சாலையை முடிந்தவரை தொடாமல் ஊர்களுக்கு இடையே போகும் கிளைச் சாலைகள் மட்டும். வண்டியும் பெட்ரோலும் நம்முடையது. வழி, முன்னால் வழிகாட்டிப் போகும் லீட், யாரும் விடுபடாமல் எல்லோருக்கும் கடைசியாக வரும் ஸ்வீப், முதலுதவிப் பெட்டி, பஞ்சர் சாமான்கள் அவர்களுடையது.

பதிவுப் படிவத்தைப் பார்த்ததுமே கொஞ்சம் மரியாதை வந்தது. எத்தனை சிசி என்று கேட்கவில்லை. ஒரு டேங்குக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்டிருந்தார்கள். கிளைச் சாலையில் பங்க் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. குழுவில் எந்த வண்டியின் டேங்க் சின்னதோ அதை வைத்துத்தான் நிறுத்தங்களைப் போட முடியும். டயர் எப்போது மாற்றினீர்கள், ஏதாவது ஒன்று ஆனால் யாரைக் கூப்பிடுவது, ரத்தப் பிரிவு என்ன என்பவை மீதிக் கேள்விகள். "உங்கள் ரைடிங் அனுபவத்தை விவரிக்கவும்" என்ற கேள்வி இல்லை. அதற்கு யாரும் உண்மையை எழுதுவதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

காலை பிரீஃபிங் இருபது நிமிடம். அதற்கு முன்பு வண்டி பார்ப்பது இன்னொரு இருபது நிமிடம். அமெரிக்காவின் மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் சொல்லிக்கொடுக்கும் டி-கிளாக்ஸ் வரிசை என்று ஒன்று உண்டு: டயரும் வீலும், கட்டுப்பாடுகள், விளக்குகள், ஆயில், சேஸி, ஸ்டாண்ட். அதே வரிசையில்தான் இவர்களும் பார்க்கிறார்கள். டயர் காற்றை வண்டி சூடாவதற்கு முன்பே அளந்துவிடுகிறார்கள்; ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறிக் காட்டும், அந்த அளவை நம்பிக் காற்றை இறக்கினால் ஏமாந்தோம். முதல் பயணத்தன்று ஒரு பையனின் பின் டயரில், பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்மான அடையாளக் கட்டை வரை ரப்பர் தேய்ந்து போயிருந்தது. அவனைச் சேர்க்கவில்லை. கட்டிய காசைத் திருப்பிக் கொடுத்து, டயர் மாற்றியதும் வரச் சொன்னார்கள். அவன் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தாலும், இந்தக் குழுவோடு போகலாம் என்று அந்த நிமிடத்தில்தான் முடிவு செய்தேன். அடுத்த மாதம் புது டயரோடு வந்தான். என்னை "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தவனும் அவன்தான்.

கை சைகைகள் நாலைந்துதான். ஒரு விரலை உயர்த்தினால் ஒற்றை வரிசை, இரண்டு விரல் என்றால் மாற்றி மாற்றி நிற்கும் இரட்டை வரிசை. இடப்பக்கம் குழி இருந்தால் இடது கையால் காட்ட வேண்டும். வலப்பக்கம் என்றால் வலது காலை நீட்ட வேண்டும், வலது கை ஆக்சிலேட்டரை விட முடியாது என்பதால். சொல்லும்போது சின்ன விஷயம். எட்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வலது காலை நீட்டிக்கொண்டு ஒரு குழியைத் தாண்டுவதைப் பின்னாலிருந்து பார்க்கும்போது சிரிப்பும் வந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

வரிசையைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். நேரான, பார்வை நன்றாகத் தெரியும் சாலையில் லீட் தன் தடத்தின் நடுக்கோட்டுப் பக்கம் போவார், அடுத்தவர் ஓரத்துப் பக்கம், மூன்றாமவர் மறுபடி நடுக்கோட்டுப் பக்கம். குறுக்காக முன்னால் இருப்பவருக்கும் நமக்கும் ஒரு வினாடி, நேர் முன்னால் இருப்பவருக்கும் நமக்கும் இரண்டு வினாடி. அருகருகே சேர்ந்து ஓட்டக் கூடாது. சட்டென்று குழி வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. வளைவுகள் ஆரம்பித்தாலோ சாலை கெட்டாலோ ஒற்றை வரிசை. இதெல்லாம் எல்லாக் குழுவும் சொல்வதுதான். ஆனால் சொல்லிவிட்டு முதல் வளைவிலேயே மறப்பதுதான் நான் இதுவரை பார்த்தது. இங்கே லீட் வளைவுக்கு முன்பே விரலை உயர்த்துகிறார். விரல் ஒவ்வொருவராகக் கைமாறிக் கடைசி வரை வருகிறது.

நான் ஐந்து முறையும் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய இடத்தில்தான் ஓட்டினேன், எனக்குப் பின்னால் ஸ்வீப் மட்டும். புதியவர்கள் லீடுக்கு அடுத்து வர வேண்டும் என்பது பொது விதி. லீட் அவர்களைக் கண்ணாடியில் பார்த்து வேகத்தை வைப்பார். நான் புதியவள் இல்லை, மெதுவானவள். இரண்டும் வேறு. அந்த இடத்திலிருந்து பார்த்ததில்தான், குழுப் பயணத்தின் தரம் முன்னால் தெரியாது, வாலில்தான் தெரியும் என்று புரிந்தது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், தொழில் புத்தி. பன்னிரண்டு வண்டிகள், ஒற்றை வரிசை, ஒவ்வொன்றுக்கும் இடையே 2 வினாடி. முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் 22 வினாடி. ஊருக்குள் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த 22 வினாடி என்பது சுமார் 183 மீட்டர். ஊர் முடிந்து 60இல் போகும்போது அதே 22 வினாடி சுமார் 367 மீட்டர். யாரும் பின்தங்கவில்லை, யாரும் தப்பு செய்யவில்லை, இடைவெளி மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. ஆனால் வாலில் இருப்பவர் என்ன பார்க்கிறார்? தான் இன்னும் ஊருக்குள் 30இல் ஊர்ந்துகொண்டிருக்க, முன்னால் இருப்பவர்கள் சிட்டாய்ப் பறக்கிறார்கள். "விட்டுட்டுப் போறாங்களே" என்று மனசு அடித்துக்கொள்கிறது. கை தானாக முறுக்குகிறது. லீட் 60இல் நிதானமாகப் போகும் குழுவில் கடைசி ஆள் 85இல் துரத்திக்கொண்டிருப்பது இப்படித்தான். அதுவும் ஊர் எல்லையில். நாயும் ஆடும் சைக்கிளும் குறுக்கே வரும் இடத்தில். வாலில் வருபவர் மெதுவானவராகவே இருந்தாலும், குழுவிலேயே அதிக வேகத்தில் ஓட்டவேண்டி வருவது அவருக்குத்தான்.

இந்த லீட் அதற்கு ஒரு வேலை செய்கிறார். ஊர் முடிந்ததும் முறுக்குவதில்லை. 40இலேயே உருட்டிக்கொண்டு போய், ஸ்வீப்பின் ஹெட்லைட் கண்ணாடியில் தெரிந்த பிறகுதான் வேகம் எடுக்கிறார். முதல் பயணத்தில் இதை நான் கவனிக்கவே இல்லை. மாலையில் வீட்டுக்கு வந்து, இவ்வளவு தூரம் போயும் உடம்பு ஏன் வலிக்கவில்லை என்று யோசித்தபோதுதான் ஒரு தடவைகூட நான் துரத்தவில்லை என்பது உறைத்தது.

ஸ்வீப் அறுபதை நெருங்கும் மனிதர். அதிகம் பேசமாட்டார். இரண்டாவது பயணத்தில் என்னை விழாமல் காப்பாற்றினார் என்று சொன்னால் மிகை. விழாதது என் அதிர்ஷ்டம். அடுத்த முறை விழாமல் இருப்பதற்கு வழி சொன்னது அவர்.

நடந்தது இது. நுழையும்போது அகலமாகத் தெரிந்து, உள்ளே போகப் போகச் சுருங்கும் வளைவு ஒன்று. பாதியில் ஜல்லிக் கல் சிதறிக் கிடந்தது, ஏதோ டிராக்டர் கொட்டிவிட்டுப் போனது. நான் கல்லைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டி நேராகக் கல்லை நோக்கிப் போனது. முன் பிரேக்கைப் பிடித்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் லிவரில் தடதடக்க, தார் முடிந்து மண்ணில் இறங்கி நின்றேன். வண்டியும் நானும் நின்ற நிலையில்தான் இருந்தோம். கைதான் நடுங்கியது.

அடுத்த நிறுத்தத்தில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்க கல்லைப் பாத்தீங்க, வண்டி கல்லுக்குப் போச்சு. கல்லுக்கும் புல்லுக்கும் நடுவுல ஒன்றரை அடி நல்ல தார் இருந்துச்சு. அதைப் பாத்திருந்தா அதுல போயிருக்கும்." அவ்வளவுதான். மருந்துச் சீட்டு மாதிரி, அவ்வளவு சுருக்கம். பிறகு லீடிடம் சொல்லிவிட்டு ஒரு மணி நேரத்துக்கு வரிசை மாறினார்: அவர் எனக்கு முன்னால், நான் அவர் தடத்தில், வேறொருவர் தற்காலிக ஸ்வீப். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறார். உள்ளே போன பிறகு பிரேக்கைத் தொடுவதே இல்லை. தலை மட்டும் வளைவு முடியும் இடத்தை நோக்கித் திரும்பிக்கொண்டே போகிறது. ஏட்டில் படித்ததுதான். ஆனால் அந்த ஹெல்மெட் திரும்புவதைப் பின்னாலிருந்து முப்பது நாற்பது வளைவுகளில் பார்த்தால் கழுத்து தானாகக் கற்றுக்கொள்கிறது.

வீட்டுக்கு வந்து இதற்கும் கணக்குப் போட்டேன். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப, வண்டி சுமார் 30 டிகிரி சாய வேண்டும். 70இல் போனால் 38 டிகிரிக்குப் பக்கம். வெறும் பத்து கிலோமீட்டர் கூடுதல், எட்டு டிகிரி கூடுதல் சாய்வு. என்னைப் போன்ற ஆளுக்கு அந்த எட்டு டிகிரிதான் தைரியத்தின் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 விபத்துகளை நேரில் ஆராய்ந்து ஹாரி ஹர்ட் குழுவினர் 1981இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது: வேறு வாகனம் சம்பந்தப்படாத விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஓட்டுநரின் தவறே காரணம், அதிகமாகப் பிரேக் பிடித்துச் சறுக்குவது அல்லது வளைவில் திரும்பாமல் வெளியே ஓடுவது. நான் அன்று இரண்டையும் ஒரே வளைவில் முயற்சி செய்திருக்கிறேன். சாய்ந்த நிலையிலும் வேலை செய்யும் ஏபிஎஸ் 2013இலிருந்தே சந்தையில் இருக்கிறது. என் வண்டியில் இருப்பது சாதா ஏபிஎஸ். எதுவாக இருந்தாலும் ஜல்லிக்கு முன்னால் கைகூப்பத்தான் வேண்டும்.

இனி குறைகள். பெரிதாக ஒன்று உண்டு, மற்றதெல்லாம் சில்லறை.

முதல் மூன்று பயணங்களில் எட்டு, ஒன்பது, பன்னிரண்டு பேர். நான்காவதில் பதினேழு. ஒரு குழுவில் ஐந்து முதல் ஏழு பேர் இருந்தால் நல்லது, கூடினால் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி லீட், தனி ஸ்வீப் போடுங்கள் என்பது அதே சேஃப்டி ஃபவுண்டேஷனின் பரிந்துரை. அன்றைக்கு இவர்கள் பிரிக்கவில்லை. கேட்டதற்கு, இன்னொரு ஸ்வீப் கடைசி நேரத்தில் வரவில்லை என்றார்கள். அப்படியானால் பத்து பேரோடு பதிவை மூடியிருக்க வேண்டும்.

விளைவு என்ன ஆயிற்று என்று சொல்வதற்கு முன், முனைகளில் வழி தவறாமல் இருக்க இவர்கள் வைத்திருக்கும் முறையைச் சொல்ல வேண்டும். திருப்பம் வந்ததும் லீட் கையால் ஓர் இடத்தைக் காட்டுவார். அவருக்கு அடுத்து வருபவர் அங்கே பத்திரமாக ஒதுங்கி நின்று, பின்னால் வரும் எல்லோருக்கும் திரும்ப வேண்டிய திசையைக் காட்ட வேண்டும். ஸ்வீப் வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்ளலாம். அடுத்த முனையில் அடுத்தவர். இதில் அழகு என்னவென்றால், முன்னால் இருப்பவரை யாரும் கண்ணில் வைத்துத் துரத்த வேண்டியதில்லை. ஆள் நிற்கும் முனையில் திரும்பு, ஆள் இல்லாத முனையில் நேராகப் போ. முழு முறையும் ஒரே ஒரு விஷயத்தில் நிற்கிறது: நிற்கிற ஆள் ஸ்வீப் வரும் வரை நகரக் கூடாது.

அன்று ஒரு முனையில் நின்றவன் நகர்ந்துவிட்டான். பதினேழு பேர் கடந்துபோக நேரமாகும் அல்லவா, பொறுமை போய்விட்டது. மஞ்சள் மேலங்கி போட்ட யாரோ ஒரு வழிப்போக்கர் பைக்கில் போக, அதை ஸ்வீப்பின் மேலங்கி என்று நினைத்துக் கிளம்பிவிட்டான். பின்னால் வந்த நானும் இன்னும் இருவரும் முனையில் ஆள் இல்லாததால் விதிப்படி நேராகப் போனோம். பதினொரு கிலோமீட்டர். எங்களுக்குப் பின்னால் வந்த ஸ்வீப்புக்கு வழி தெரியும் என்பதால் அவர் சரியாகத் திரும்பிவிட்டார். கண்ணாடியில் அவர் விளக்கு வெகுநேரமாக வரவில்லையே என்று நான் நிறுத்தியபோது சாலை மண் தடமாக மாறியிருந்தது. போனில் சிக்னல் இல்லை.

பிரீஃபிங்கில் ஒரு வரி சொல்லியிருந்தார்கள்: தொலைந்தால் தேடாதீர்கள், நாங்கள் தேடுகிறோம், நின்ற இடத்தில் நில்லுங்கள். நின்றோம். இருவரில் ஒருவர் திரும்பிப் போய்ப் பார்க்கலாம் என்றார்; நான் விடவில்லை. நாற்பது நிமிடம் கழித்து ஸ்வீப் வந்தார், தனியாக. அடுத்த நிறுத்தத்தில் தலை எண்ணியபோது மூன்று குறைந்திருக்கிறது. எந்த முனையில் ஆள் இல்லாமல் இருந்ததென்று அவருக்கு நினைவிருந்ததால் நேராக அங்கே வந்து, அந்தச் சாலையைப் பிடித்திருக்கிறார். திட்டவில்லை. "நின்னீங்களே, அது போதும்" என்றார். இப்போதும் அவர்மேல் எனக்குக் குறை இல்லை. பதினேழு பேரைச் சேர்த்தவர்கள்மேல் உண்டு.

மின்னஞ்சலில் நீளமாக எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது, மழுப்பாத பதில். ஐந்தாவது பயணத்தில் பத்து பேர்தான். ஸ்வீப்பின் மேலங்கியும் மாறியிருந்தது: கண்ணைக் குத்தும் ரோஸ். அந்த நிறத்தில் அந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்காதவர் யாரும் இல்லை. அவரைத் தவிர வேறு யாரையும் அவராக நினைக்கவும் இனி வழியில்லை.

லீடிடமும் ஸ்வீப்பிடமும் ஹெல்மெட் இன்டர்காம் இருக்கிறது, மெஷ் வகை. பழைய புளூடூத் சங்கிலியில் நடுவில் ஒருவர் விலகினால் தொடர்பு அறுந்துவிடும். மெஷ்ஷில் மற்றவர்கள் வழியாகத் தானே வேறு பாதை பிடித்துக்கொள்ளும். ஆனால் நடுவில் வேறு யாரிடமும் கருவி இல்லாமல் இரண்டு முனையில் இரண்டு மட்டும் இருந்தால் வேறு பாதைக்கு எங்கே போவது? மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்றானதும் கரகரத்துப் போய்விடுகிறது. நடுவில் ஒருவருக்கு மூன்றாவது கருவி கொடுத்தால் அன்றைய நாற்பது நிமிடம் பத்து நிமிடமாகியிருக்கும். எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம். பத்து பேர் காதில் பேச ஆரம்பித்தால் நான் வரவில்லை.

சில்லறைக் குறைகள்: மணிக்கு ஒருமுறை நிறுத்துவது என் முழங்காலுக்கு வரம்தான், ஆனால் பத்து நிமிட நிறுத்தம் போட்டோ எடுக்கிறேன் என்று முப்பத்தைந்து ஆகிறது. அந்தத் தாமதம் கடைசியில் மாலை வெளிச்சத்தில்தான் கழிகிறது. கிளைச் சாலையில் அஸ்தமனத்துக்குப் பிறகு ஓட்டுவது வேறு விளையாட்டு. மூன்றாவது பயணத்தில் வளைவு ஒன்றில் வீடியோ எடுக்க ஆள் நிறுத்தியிருந்தார்கள். கேமராவைப் பார்த்ததும் அதுவரை ஒழுங்காக வந்த இருவர் முட்டியைத் தரையில் தேய்க்கப் பார்த்தார்கள். கேமராவை நேர்ச்சாலையில் வைக்கட்டும். மழைக்கு ரத்து செய்வதை முதல் நாள் இரவே சொல்லிவிடுகிறார்கள், அது நல்லது. அதே மூன்றாவது பயணத்தில் நடுவழியில் தூறல் பிடித்தபோது, வெயிலில் காய்ந்த சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் புழுதியும் முதல் தூறலில்தான் வழுக்கும் என்று அரை மணி நேரம் ஒதுங்க வைத்தார்கள். அதுவும் நல்லது.

வேகமாகப் போக ஆசைப்படுபவர்களுக்கு இந்தக் குழு சலிப்பாக இருக்கும். மூன்றாவது பயணத்தின் முட்டித் தேய்ப்பாளர்கள் இருவரும் பிறகு வரவில்லை. பின்னால் ஒருவரை உட்காரவைத்து ஓட்டுபவர்கள், வருடக்கணக்கில் விட்டுவிட்டு மறுபடி ஓட்ட வந்தவர்கள், சின்ன வண்டிக்காரர்கள் தைரியமாகச் சேரலாம். சேரும் முன்பு எந்தக் குழுவாக இருந்தாலும் போன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேரோடு பதிவை மூடுவீர்கள், ஸ்வீப் யார். இரண்டாவது கேள்விக்கு "யாராவது ஒருத்தர் பின்னாடி வருவாங்க" என்று பதில் வந்தால் வைத்துவிடுங்கள்.

ஆறாவதுக்குப் பதிந்துவிட்டேன். படிவத்தின் அடியில் "வேறு ஏதாவது" என்று ஒரு கட்டம் இருக்கும், இதுவரை காலியாகவே விட்டுவந்தேன். இந்த முறை, மதியத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்த ரோஸ் மேலங்கியை நான் போட்டு ஓட்டலாமா என்று எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.